பக்கத்துல போனாலே முயல் ஓடுது, தூக்கினா கடிக்குது… இது பழகுமா பழகாதா?

புது_முயல்காரி:
எல்லாருக்கும் வணக்கம். முயல் வளர்க்கிறது இதுதான் முதல் தடவை, இதுக்கு முன்னாடி நாய் மட்டும்தான் வளர்த்திருக்கேன். மூணு மாசக் குட்டின்னு சொல்லித்தான் குடுத்தாங்க, பொண்ணுன்னும் சொன்னாங்க, பேரு பஞ்சு. வீட்டுக்கு வந்து சில வாரம் ஆயிடுச்சு, இன்னும் நான் பக்கத்துல போனாலே மூலைக்கு ஓடிடுது. கூண்டுக்குள்ள கைய விட்டா உர்ருன்னு ஒரு சத்தம் போட்டு முன்னங்கால் ரெண்டாலயும் கைய அடிக்குது, ஒரு தடவ நறுக்குன்னு கடிச்சும் வச்சிருச்சு. தூக்கினா ஒரே உதறல். ஆனா நான் பாட்டுக்கு ஏதாவது வேலை பாத்துட்டு இருந்தா மட்டும் எட்டி எட்டிப் பாக்குது, அதான் புரியல, பிடிக்குதா பிடிக்கலயா?

ராத்திரில பின்னங்கால தரையில டொம் டொம்முன்னு தட்டுது. அப்புறம் ஒரு விஷயம், சொல்லவே ஒரு மாதிரி இருக்கு, அது போட்ட புழுக்கைய அதுவே திங்குது, பசியா இல்ல வியாதியான்னு தெரியல. இப்போதைக்கு கேரட்டும் பெல்லட்டும் (கடையில விக்கிற முயல் தீவன உருண்டை) குடுக்குறேன், காஞ்ச புல்லு கொஞ்சம் வச்சேன் அதத் தொடவே இல்ல. குளிப்பாட்டலாமா? மடியில உக்கார வச்சுக்கணும்னு ரொம்ப ஆசை, நடக்குமா?

புல்லுக்கட்டு:
சிஸ்டர், பிடிக்குதா பிடிக்கலயான்னு இல்ல, அது இன்னும் உங்கள எடை போட்டுட்டு இருக்கு, அவ்ளோதான். நாய் வேட்டையாடுற ஜாதி, முயல் வேட்டையாடப்படுற ஜாதி. மேலேருந்து ஒரு கை இறங்கி வந்து உடம்பப் பிடிச்சுத் தூக்குதுன்னா அதுக்குத் தெரிஞ்ச ஒரே அர்த்தம் பருந்து. நீங்க கொஞ்சத்தான் தூக்குறீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதனால முதல் வேலை, தூக்குறத நிறுத்துங்க. டாக்டர்ட்ட கொண்டு போக, நகம் வெட்ட, இந்த மாதிரி தேவைக்கு மட்டும் தூக்கினா போதும்.

அடுத்தது கூண்டுக்குள்ள கை விடுறது. அது அதோட வளை மாதிரி, அந்த ஒரு இடமாவது தனக்குன்னு இருக்கணும்னு நினைக்கும், அதுலயும் பொண்ணு முயல் வயசுக்கு வர்ற நேரத்துல இந்த உறுமல், அடி, கடி எல்லாம் ரொம்ப சகஜம். கூண்ட சுத்தம் பண்றதெல்லாம் அது வெளிய இருக்கும்போது பண்ணுங்க. வெளிய வரவைக்க துரத்தாதீங்க, கதவத் திறந்து வச்சுட்டு விட்ருங்க, அதுவா வரும்.

வெளிய வந்ததும் நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, தரையில உக்காருங்க, இல்ல குப்புறப் படுத்துக்கங்க, ஒரு புக்கோ ஃபோனோ பாத்துட்டு அத கண்டுக்காம இருங்க. விடியக்காலையும் சாயங்காலமும்தான் அது நல்லா சுறுசுறுப்பா இருக்கும், மத்தியானம் பூரா தூங்கி வழியும், அதனால நேரம் பாத்து உக்காருங்க. முதல்ல தூரத்துலேருந்து மோந்து பாக்கும், அப்புறம் கால் விரல மோந்துட்டு ஓடும், இன்னொரு நாள் உங்க மேல ஏறித் தாண்டிப் போகும். அப்பவும் கைய நீட்டாதீங்க! இங்கதான் முக்கால்வாசி பேர் சொதப்புறது, பக்கத்துல வந்துருச்சேன்னு ஆசையில டபக்குன்னு பிடிப்பாங்க, அவ்ளோதான் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும். துணிய லேசா இழுக்கும், முன்னம்பல்லால மெதுவா ஒரு நிமிண்டு நிமிண்டும், அதெல்லாம் கடி இல்ல, "தள்ளு" இல்லன்னா "என்னயக் கவனி"ன்னு அர்த்தம்.

தொடுறதுன்னா எங்க தொடுறதுன்னு ஒரு கணக்கு இருக்கு. முயலுக்குக் கண்ணு ரெண்டும் தலையோட பக்கவாட்டுல இருக்கு, பின்னாடி என்ன வருதுன்னு கூட தெரியும், ஆனா மூக்குக்கு நேர் முன்னாடி இருக்குறது மட்டும் சரியாத் தெரியாது. நாய்க்கு மோந்து பாக்க கைய நீட்டுற மாதிரி மூக்குக்கு நேரா கொண்டு போனா பயந்துடும். பக்கவாட்டுலேருந்து மெதுவா கொண்டு போய் நெத்தி, ரெண்டு காதுக்கும் நடுவுல, கன்னம், இங்க தடவுங்க. தாடைக்குக் கீழ, வயிறு, பாதம், வாலு, இதெல்லாம் வேண்டாம். தலையத் தரையோட தரையா தாழ்த்தி அசையாம உக்காந்துச்சுன்னா "தடவு"ன்னு ஆர்டர் போடுதுன்னு புரிஞ்சுக்கங்க, கைய எடுத்தா முகத்தால இடிக்கும் பாருங்க.

பேய்க்காட்டு_ராசா:
ஐயய்யோ இவ்ளோ நாள் எல்லாம் காத்திருக்கணுமா. எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் தினமும் தூக்கித் தூக்கித்தான் பழக்குனாங்க, உதறினாலும் விடாம பிடிச்சுக்கணும், கொஞ்ச நேரத்துல அடங்கிடும். அதவிட ஈசி, மல்லாக்க மடியில படுக்க வச்சு வயித்தத் தடவுங்க, அப்படியே மயங்கிக் கிடக்கும், செம ரிலாக்ஸ் ஆகிடும். வீடியோல எல்லாம் பாத்ததில்லயா? நாத்தம் வந்தா வெதுவெதுப்பான தண்ணில ஷாம்பு போட்டு குளிப்பாட்டுங்க, ஒண்ணும் ஆகாது.

நீளக்காது:
ராசா அண்ணே, கோச்சுக்காதீங்க, ஆனா இந்த மூணுமே தப்பு, புதுசா வர்றவங்க படிச்சு செஞ்சுடுவாங்கங்கறதால சொல்றேன்.

மல்லாக்கப் போட்டா அது ரிலாக்ஸ் ஆகல. பிடிபட்ட இரை செத்த மாதிரி நடிக்கிற நிலை அது, உடம்பு அசையாது ஆனா உள்ள இதயமும் மூச்சும் பயத்துல எகிறிட்டு இருக்கும். வீடியோல லைக் வாங்க நல்லா இருக்கும், முயலுக்கு அது நரகம்.

உதறினாலும் விடாம பிடிக்கிறது இன்னும் ஆபத்து. அதுக்குப் பின்னங்கால் தசை பயங்கர பலம், எலும்பு ரொம்ப லேசு. மொத்த உடம்பு எடையில எலும்புக்கூடு 7, 8 சதவீதம்தான், பூனைக்கு 12, 13 சதவீதம் இருக்கும். பின்பக்கம் தாங்கல் இல்லாம பிடிச்சிருக்கும்போது ஓங்கி ஒரு உதை விட்டா அதோட முதுகெலும்ப அதுவே ஒடச்சுக்கும், பின்னங்கால் விளங்காமப் போயிடும். தூக்கியே ஆகணும்னா ஒரு கை நெஞ்சுக்குக் கீழ, இன்னொரு கை பின்பக்கத்தத் தாங்கி, உங்க உடம்போட ஒட்டி அணைச்சுக்கங்க, அதுவும் தரையில உக்காந்துக்கிட்டே பண்ணுங்க, குதிச்சாலும் உயரம் இருக்காது. காதப் பிடிச்சுத் தூக்குறது மட்டும் எந்தக் காலத்துலயும் கூடாது, காது முழுக்க ரத்தக்குழாய், உடம்புச் சூட்ட வெளியேத்துறது முக்கியமா அது வழியாத்தான்.

குளிப்பாட்டவே வேண்டாம். பூனை மாதிரி தன்னைத்தானே நக்கி சுத்தம் பண்ணிக்கும். உள்ரோமம் அவ்ளோ அடர்த்தியா இருக்கும், நனைஞ்சா காயவே காயாது, குளிர்ந்து போயிடும், பயத்துல அதிர்ச்சியாகி செத்தும் போகலாம். பின்பக்கம் அழுக்கா ஒட்டியிருந்தா அந்த இடத்த மட்டும் ஈரத்துணியால துடைச்சு உடனே காய வைங்க. அடிக்கடி அப்படி ஒட்டுதுன்னா அது அழுக்குப் பிரச்சனை இல்ல, சாப்பாட்டுப் பிரச்சனை, இல்லன்னா குண்டாகி குனிய முடியாத பிரச்சனை, இல்ல வேற ஏதோ வலி. அப்படியே விட்டா ஈ முட்டை போட்டு புழு வச்சுரும், ரொம்ப சீக்கிரம் முத்திடும், அதனால தினமும் ஒரு தடவை வாலடியப் பாத்துருங்க.

நாத்தம்னு சொன்னா அது மூத்திர நாத்தமாத்தான் இருக்கும், முயல் மேலேருந்து வராது. எந்த மூலையில போகுதோ அதே மூலையில ஒரு ட்ரே வைங்க, அடியில காகிதத் தூள் உருண்டை போட்டு மேல காஞ்ச புல்லு பரப்பி விட்ருங்க, தின்னுக்கிட்டே போறது அதுங்களோட சுபாவம், தானாப் பழகிடும். பூனைக்குப் போடுற கட்டியாகிற மண்ணு மட்டும் போடாதீங்க, தின்னுட்டா குடல்ல அடைச்சுக்கும்.

பேய்க்காட்டு_ராசா:
அட, மல்லாக்க போடுறது பயம்னு நெஜமாவே தெரியாது. சரி சரி, ஆனா தூக்கவே கூடாதுன்னா எதுக்குங்க முயல் வளர்க்குறது 😅

நீளக்காது:
அது நியாயமான கேள்விதான் 😀 தூக்கிக் கொஞ்ச மட்டும்தான் வேணும்னா முயல் சரிப்படாது, அத வாங்குறதுக்கு முன்னாடியே யாராவது சொல்லிருக்கணும். நல்லாப் பாத்துக்கிட்டா 8 லேருந்து 12 வருஷம் வரைக்கும் இருக்கும், அவ்ளோ நாளும் உங்க காலச் சுத்தி வரும், நக்கும், பக்கத்துல தொபுக்குன்னு சாஞ்சு படுக்கும், சந்தோஷத்துல அந்தரத்துல எகிறி உடம்ப ஒரு முறுக்கு முறுக்கும். மடியில உக்காருற முயலும் இருக்கு, ஆனா அது அதோட இஷ்டம்.

விதைமணி:
சாப்பாட்டப் பத்தி யாரும் இன்னும் சொல்லல, எனக்கு அதான் முக்கியமாத் தோணுது. கேரட்டும் பெல்லட்டும் மட்டும்னு எழுதியிருக்கீங்களே அதப் படிச்சதும் பக்குன்னு ஆயிடுச்சு. முயலுக்கு சோறே காஞ்ச புல்லுதான், ஒரு நாள் சாப்பாட்டுல நூத்துக்கு எண்பதுக்கு மேல அதுவா இருக்கணும், நாள் பூரா தீராம இருக்கணும். ரெண்டு காரணம். ஒண்ணு பல்லு, முயல் பல்லு சாகுற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும், வாரத்துக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் வளரும், புல்ல அரைச்சு அரைச்சுத்தான் அது தேயும், தேயலன்னா கடைவாய்ப்பல்லு கூராகி நாக்கையும் கன்னத்தையும் குத்தும். ரெண்டாவது குடல், அந்த நார்தான் குடல அசைய வைக்குது, நார் குறைஞ்சா குடல் மெதுவாகி நின்னே போயிடும்.

கேரட் எல்லாம் மிட்டாய் மாதிரி, சர்க்கரை ஜாஸ்தி, சுண்டுவிரல் நுனி அளவு எப்பவாவது. பழமும் அப்படித்தான். வளர்ந்த முயலுக்கு பெல்லட் ஒரு கிலோ உடம்பு எடைக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் தாண்ட வேண்டாம், அதுலயும் தானியம், கலர் கலரா விதை எல்லாம் கலந்து விக்கிறது வேண்டவே வேண்டாம், இனிப்பானத மட்டும் பொறுக்கித் தின்னுட்டு மிச்சத்த விட்ரும். உங்களது குட்டிங்கறதால பெல்லட் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கலாம், ஆறு மாசம் வரைக்கும் குதிரைமசால் புல்லும் குடுக்கலாம், அதுல புரதமும் கால்சியமும் ஜாஸ்தி, அதுக்கப்புறம் சாதாரண புல்லுக்கு மாத்திடணும். கீரை வகையெல்லாம் ஒவ்வொண்ணா, துளித்துளியா ஆரம்பிச்சு, புழுக்கை இளகலன்னு பாத்துட்டு கூட்டுங்க. வெங்காயம், பூண்டு, அவகாடோ, சாக்லேட், உருளைக்கிழங்கு செடியோட இலை இதெல்லாம் விஷம்.

ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தாதீங்க! ஒண்ணு ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா கேரட்டையும் பெல்லட்டையும் குறைங்க, அப்ப புல்லுக்குத் தானா வாய் போகும். இப்ப புல்லத் தொடாததுக்குக் காரணமே மிட்டாய் தட்டு நிறைய இருக்கறதுதான். தண்ணி பாட்டில்ல வைக்கிறதவிட கனமான கிண்ணத்துல வைங்க, இன்னும் நிறைய குடிக்கும்.

புழுக்கை திங்கிறது நல்லது, விட்ருங்க. அது ரெண்டு வகையா போகும், ஒண்ணு உருண்டையா காஞ்சு இருக்கும், இன்னொண்ணு திராட்சைக் கொத்து மாதிரி மெத்துன்னு பளபளன்னு இருக்கும். பெருங்குடலோட ஆரம்பத்துல ஒரு பெரிய பை இருக்கு, அங்க பாக்டீரியாக்கள் புல்ல நொதிக்க வச்சு புரதம், பி வைட்டமின் எல்லாம் உண்டாக்குது, அந்த சத்து வீணாகாம இருக்க நேரா வாய வச்சு எடுத்துத் தின்னுரும். அந்த மெத்துன வகை திங்காம கீழ நிறைய கிடந்தாதான் யோசிக்கணும்.

புது_முயல்காரி:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா எதிர்பார்க்கல. விதைமணி அக்கா நீங்க சொன்ன மாதிரி கேரட்டக் குறைச்சுட்டு வர்றேன், புல்ல இப்ப கொஞ்சம் கொறிக்குது. நேத்து தரையில படுத்திருந்தப்ப முதல் தடவையா முதுகு மேல ஏறிச்சு!! ஆனா இன்னிக்கு காலைலேருந்து ரொம்ப அமைதியா இருக்கு, நல்ல மாற்றம்னு நினைக்கிறேன், மூலையில உருண்டையா உக்காந்துருக்கு, தொட்டாலும் ஓடல, பல்ல மட்டும் நறநறன்னு கடிக்குது. முயலுக்கு சந்தோஷம்னா பல்லு கடிக்கும்னு எங்கயோ படிச்சேன், அதுதானா? கீரை வச்சது அப்படியே இருக்கு, வயிறு நிறைஞ்சுருக்கு போல.

நீளக்காது:
சிஸ்டர் உடனே பாருங்க. கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு, ட்ரேல புதுசா புழுக்கை இருக்கா? சந்தோஷத்துல கடிக்கிறது தடவும்போது மெல்லிசா கேக்கும், பக்கத்துல காது வச்சாதான் தெரியும். உருண்டையா கூனி உக்காந்து சத்தமா நறநறன்னு கடிக்கிறது வலி. பிடிச்ச கீரையவே தொடல, ஓடவும் இல்லன்னா அது பழகினது கிடையாது.

புது_முயல்காரி:
ஐயோ. நேத்து ராத்திரிக்கு அப்புறம் புழுக்கையே இல்ல, ரெண்டு மூணு கடுகு மாதிரி சின்னதா கிடக்கு. காலைல பாக்கலாமா?

விதைமணி:
காலைல வேண்டாம் இப்பவே கிளம்புங்க. குடல் நின்னுட்டா முயலுக்கு மணிக்கணக்குதான், அதால வாந்தி எடுக்கவும் முடியாது, வாயு சேர்ந்து வயிறு உப்பிடும். முயல் பாத்துப் பழக்கமுள்ள டாக்டரான்னு ஃபோன்ல கேட்டுட்டுப் போங்க, நாய் பூனை மட்டும் பாக்குறவங்களுக்கு சில மருந்து விஷயம் தெரியாம இருக்கலாம், வாய் வழியா அமாக்சிசிலின், பென்சிலின் முயலுக்கு ஆகவே ஆகாது, குடல்ல இருக்குற நல்ல பாக்டீரியாவ அழிச்சுடும். நீங்களா வாயில எதையும் திணிக்காதீங்க, அடைப்பு இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஊட்டணும். போற வழியில இருட்டான பெட்டியில துண்டு விரிச்சு, புல்லு கொஞ்சம் போட்டு கொண்டு போங்க. காது ரொம்ப ஜில்லுன்னு இருந்தா துண்டால சுத்திக்கங்க.

புல்லுக்கட்டு:
வழிமொழிகிறேன். வலிய மறைக்கிறதுல முயல மிஞ்ச ஆளில்ல, காட்டுல நோஞ்சான்னு தெரிஞ்சா முதல்ல பிடிபடுறது அதுதானே. அது வெளிய காட்டுதுன்னாலே விஷயம் கொஞ்சம் முத்திருச்சுன்னு அர்த்தம். போயிட்டு வந்து எழுதுங்க.

புது_முயல்காரி:
வந்துட்டோம். குடல் அசைவு குறைஞ்சதுதான்னு சொன்னாங்க, எக்ஸ்ரேல அடைப்பு இல்ல. தோலுக்கடியில தண்ணி ஏத்தி, வலிக்கு ஊசி, குடல் அசையறதுக்கு ஒரு மருந்து, சிரிஞ்சுல ஊட்டுறதுக்கு ஒரு நார்ப்பொடி குடுத்தாங்க. வீட்டுக்கு வந்ததும் ராத்திரி ஒரு நாலஞ்சு புழுக்கை போட்டுச்சு, புழுக்கையப் பாத்து இவ்ளோ சந்தோஷப்படுவேன்னு நெனச்சதே இல்ல. இன்னிக்குப் புல்லு திங்குது, மறுபடி உர்ருன்னு சொல்லுது 😂 இன்னொரு செய்தி, டாக்டர் பாத்துட்டு இது பொண்ணு இல்ல பையன்னு சொல்லிட்டார்.

இப்ப மருந்து ஊட்ட தினமும் பிடிச்சே ஆகணும், என்னய வில்லியாத்தான் பாக்கும், பழகினதெல்லாம் போச்சா? துணைக்கு இன்னொரு முயல் வாங்கினா பயம் போகுமா?

புல்லுக்கட்டு:
அப்பாடா. குட்டியா இருக்கும்போது ஆணா பொண்ணான்னு தப்பாச் சொல்றது அடிக்கடி நடக்குறதுதான், இதுல முக்கியம் என்னன்னா இப்ப இன்னொண்ணு வாங்கிடாதீங்க. ஒரு பொண்ணக் கொண்டு வந்தீங்கன்னா சரியா ஒரே மாசத்துல, 30, 32 நாள்ல குட்டி போட்டுரும், குட்டி போட்ட அன்னிக்கே மறுபடி சினை பிடிக்கவும் செய்யும். ரெண்டு ஆணா வச்சா ரத்தம் வர்ற அளவுக்கு சண்டை. துணை நல்லதுதான், முயல் கூட்டமா வாழுற ஜீவன், ஆனா முதல்ல இவனுக்கு நாலஞ்சு மாசத்துல டாக்டர்ட்ட கேட்டு கருத்தடை ஆபரேஷன் பண்ணுங்க, அப்புறமும் ஒரு ஆறு வாரம் பொண்ணுகிட்ட விடாதீங்க, மிச்சம் இருக்குற விந்தணு செத்துப் போக அவ்ளோ நாள் ஆகலாம். ஆபரேஷனுக்கு முன்னாடி பட்டினி போடச் சொன்னா முயலுக்கு அது தேவையில்லன்னு ஞாபகப்படுத்துங்க. வர்ற பொண்ணுக்கும் ஆபரேஷன் பண்றது நல்லது, பண்ணாத பொண்ணு முயலுக்கு வயசாக வயசாக கர்ப்பப்பைப் புற்றுநோய் வர்றது ரொம்ப அதிகம். சேர்த்து வைக்கிறதும் ரெண்டுக்கும் சொந்தமில்லாத பொது இடத்துல, கொஞ்ச கொஞ்ச நேரமா, நீங்க கூடவே இருந்து பண்ணனும்.

நீளக்காது:
மருந்து விஷயத்துக்கு: ஒரே துண்டு, ஒரே இடம். துண்ட விரிச்சு அதுல உக்கார வச்சு ரெண்டு பக்கமும் இழுத்துச் சுத்துங்க, தலை மட்டும் வெளிய. சிரிஞ்ச வாயோட பக்கவாட்டுல, முன்னம்பல்லுக்குப் பின்னாடி இருக்குற இடைவெளியில விட்டு துளித்துளியா குடுங்க, நேரா தொண்டைக்குள்ள அடிச்சா நுரையீரலுக்குப் போயிடும். முடிஞ்ச கையோட நெத்தியத் தடவி, பிடிச்ச இலை ஒண்ணக் குடுத்துட்டு, உடனே கீழ விட்ருங்க. நீங்க வழக்கமா படுத்து காத்திருப்பீங்களே அந்த இடத்துல மட்டும் மருந்து குடுக்காதீங்க, வேற ரூம்ல வச்சுக்கங்க. கொஞ்ச நாள் முதுகக் காட்டி உக்காரும், பின்னங்கால உதறிட்டுப் போகும், கோவத்தக் காட்டுது. அந்தக் கோவம் போயிரும். மத்த நேரம் நீங்க துரத்தலன்னா மருந்துக்காக பிடிச்சத வச்சு உங்கள ஒதுக்காது.

அந்த ராத்திரி டொம் டொம்முன்னு தட்டுறது, அத யாரும் சொல்லலயே. ஏதோ ஆபத்துன்னு கூட்டத்துக்கு சொல்ற சிக்னல் அது. ஏதாவது புது சத்தமோ வாசனையோ வருதான்னு பாருங்க, ஒரு மூலையில ரெண்டு வாசல் வச்ச அட்டைப்பெட்டி கவுத்து வைங்க, ஓடி ஒளிய இடம் இருந்தா தட்டுறது பாதி குறையும். அப்படியே வயர் எல்லாத்தையும் குழாய்க்குள்ள விட்டு மூடிருங்க, சும்மா ஒரே கடியில ரெண்டாக்கிரும்.

பேய்க்காட்டு_ராசா:
பையன்னு தெரிஞ்சதுக்கப்புறமும் பஞ்சுதானா இல்ல பேர் மாத்தியாச்சா?

புது_முயல்காரி:
பஞ்சுதான் அண்ணே, கூப்பிட்டா எப்படியும் திரும்பிப் பாக்குறதில்ல 😄 நீளக்காது, அட்டைப்பெட்டி வச்சாச்சு, ஒரு வாசலத் தின்னு பெருசாக்கிட்டான். அட்டை தின்னா பரவால்லயா?

விதைமணி:
டேப், பின், பளபளப்பான பிரிண்ட் இல்லாத அட்டைன்னா கிழிச்சு விளையாடட்டும், கொஞ்சம் உள்ள போனா பரவால்ல. நிறைய முழுங்குறான்னு தெரிஞ்சா எடுத்துட்டு அந்த இடத்துல புல்லத் திணிச்சு வைங்க. இன்னும் ஒரு வாரம் புழுக்கை அளவ மட்டும் தினமும் ஒரு கண்ணு பாத்துக்கங்க, சிறுசானா எங்களக் கேக்காம டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க.